தண்ணீர் நின்ற கோடு

தனசிங் சாரின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்டீல் டேப் இருக்கும். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் தர ஆய்வாளர். லைனில் வருகிற பிரேக் தகட்டை எடுத்து அளந்து, மயிரிழை பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்பதுதான் வேலை. "அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிச்சே சோறு திங்குறவன் தம்பி நான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சரி பார்த்த பீஸின் ஓரத்தில் மார்க்கரால் 'த.சி.' என்று சின்னதாகப் போடுவார். அந்த இரண்டு எழுத்து இருந்தால் அடுத்த மேஜையில் யாரும் மறுபடி அளக்க மாட்டார்களாம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே சரிந்து இறங்கும் ஒரு தெருவில் அவருக்கும் அப்படித்தான் மரியாதை. நலச்சங்கத்துக்கு அவர் செயலாளர். எதிர்த்து நிற்க யாரும் முன்வராததால் ஒவ்வொரு முறையும் அவரே. சென்னை முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த வறட்சிக் கோடையில் அவர் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. காலையும் மாலையும் கேட்டைத் திறந்து வைத்து, மோட்டாரைப் போட்டு, தெருவுக்கே தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவி ஞானசௌந்தரி அம்மா வாசலில் நின்று குடங்களை வரிசைப்படுத்தினார். கர்த்தர் எங்களுக்குக் கொடுத்தார், நாங்கள் உங்களுக்குக் கொடுக்கிறோம் என்பார்களாம் இருவரும்.

நான் தாம்பரம் கிழக்கில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும், எங்கே நிற்கும், மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை. செய்யூர் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் வீட்டிலிருந்து வந்து, நீரியலில் எம்.இ. முடித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இதை நான் எங்கும் தயங்கிச் சொன்னதில்லை. தனசிங் சாரிடமும் முதல் நாளே சொன்னேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். இன்றைக்கும் அவரைப் பற்றி நினைக்கும்போது அந்தக் கைகுலுக்கல்தான் முதலில் வருகிறது.

அவர் வந்தது ஒரு புகாரோடு. இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர்ப் புயலில் அவர்கள் தெருவின் கீழ்க்கோடியில் இடுப்பளவு தண்ணீர். மேல்கோடியில் சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அபார்ட்மெண்ட் வந்திருந்தது. காலி நிலத்தில் மண் கொட்டி, உயர்த்திக் கட்டியது.

"அவன் உசத்துனதுனாலதான் தண்ணி எங்க தெருவுக்கு இறங்குது. வாயால சொன்னா எவனும் காதுல வாங்க மாட்டேங்கிறான். நீங்க கம்ப்யூட்டர்ல நிரூபிச்சுக் குடுங்க. சங்கத்துல எல்லாரும் சேர்ந்துதான் கேக்குறோம்" என்றார்.

தெருவின் அமைப்பு எளிது. மேலே அபார்ட்மெண்ட். கீழ்க்கோடியில் பேபி அக்காவின் வீடு. அதை ஒட்டிக் குறுக்கே ஒரு ரோடு போகிறது. போட்டுப் போட்டு உயர்ந்துபோன ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனசிங் சார் வீடு. அவர் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்குப் போகிற ஓடை. தெருவில் இறங்குகிற தண்ணீர் ரோட்டைத் தாண்டினால்தான் ஓடைக்குப் போக முடியும். ரோடு அணை மாதிரி நிற்பதால், பேபி அக்கா வீட்டு வாசலில் குளம்.

எங்கள் வேலையில் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. தெருவைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் கொடுத்து, மேலே மழையைக் கொட்டினால் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு படம் காட்டத்தான் செய்யும். அந்தப் படம் மெய்யா என்று எப்படித் தெரியும்? அதற்கு வீடு வீடாகப் போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளப்போம். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு பழுப்புக் கோடு விட்டுப் போகும். கம்ப்யூட்டரில் நிற்கும் தண்ணீரும் சுவரில் இருக்கும் கோடும் ஒன்றாகப் பொருந்தினால் கணக்கு சரி. பொருந்தாவிட்டால் எங்கோ பிழை.

அளக்கப் போனபோது தனசிங் சார் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். என் டேப்பை நம்பவில்லை. தன் டேப்பை வைத்து அளந்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி, அளவு, அதன் கீழே 'த.சி.'. வீட்டுக்காரர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ரோட்டுக்கு அடியில் குழாய் ஏதாவது போகிறதா என்று நான் எல்லோரிடமும் கேட்பது வழக்கம். குடிவந்து பத்து வருடம்கூட ஆகாதவர்கள்தான் பாதிப்பேர், தெரியாது என்றார்கள். சார் மட்டும், "இல்ல, அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார்.

பேபி அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். அவர் கணவர் சவுரிமுத்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். புயல் வந்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால். தைத்து முடித்த ஜாக்கெட்டும் பிள்ளைகளின் கவுனும் மூட்டை மூட்டையாகத் தரையில். எல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிப் போனது. சாயம் ஒன்றோடொன்று ஏறிவிட்டது. பண்டிகைக்குப் புதுத்துணி இல்லாமல் செய்துவிட்டாள் என்று கொடுத்தவர்கள் எல்லாம் இவர்மேல் பாய்ந்தார்களாம்.

"அன்னிக்கு இந்த சார் மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்னே தெர்ல. இடுப்பு மட்டும் தண்ணில வந்து ரெண்டு மெஷினையும் தலைல வெச்சு தூக்கினு போனாரு. அவுரு வூட்டு மாடில போட்டு வெச்சாரு. எங்களுக்கும் அங்கதான் சோறு" என்றார் பேபி அக்கா. சார் சுவரைப் பார்த்து அளந்துகொண்டிருந்தார். "பேசாம டேப்பைப் புடிங்க பேபிம்மா" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக அவர் வீட்டுக் கிணற்றையும் அளந்தோம். மேலே ஓடுகிற தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டால் எங்கள் வேலை பாதிதான். மண்ணுக்கு அடியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ அவ்வளவுதான் மண் குடிக்கும். நிரம்பிவிட்டால் அதற்கப்புறம் விழுகிற மழை எல்லாம் மேலேயே ஓடும். அதனால் கிணற்று மட்டம் எங்களுக்கு வேண்டும். மழைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்று கேட்டேன். எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக் கிணறு மே மாதம் வறண்டு கிடக்க, இவர் கிணற்றில் ஆள் உயரம் நின்ற கணக்கைப் பெருமையாகச் சொன்னார்.

முதல் முறை ஓட்டிப் பார்த்ததில் முடிவு அவர் நினைத்தபடி வரவில்லை. அபார்ட்மெண்டை எடுத்துவிட்டு, பழைய காலி நிலத்தை வைத்து அதே மழையைக் கொட்டினாலும் பேபி அக்கா வீட்டில் தண்ணீர் ஏறத்தான் செய்தது. அபார்ட்மெண்டால் கூடியது நான்கு விரல் உயரம். போனில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு மழையை வெச்சு எப்படித் தம்பி சொல்ற? எங்க லைன்ல ஒரு பீஸ் சரியா வந்துட்டா லாட்டையே பாஸ் பண்ணிடுவோமா? பழைய மழையும் போட்டுப் பாரு. ரெண்டாயிரத்து எட்டுல ஒரு பேய்மழை பெஞ்சுது. அதப் போடு. அப்ப அபார்ட்மெண்ட் கிடையாது. தெருவுல தண்ணியும் கிடையாது. அது போதும்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழிலில் ஊறிய ஆள் கேட்கிற கேள்வி. எட்டாம் வருட மழையைப் போட்டேன். கம்ப்யூட்டர் பேபி அக்கா வீட்டுக்குள் தொடையளவு தண்ணீர் காட்டியது. சந்தேகத்துக்குப் பேபி அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"அந்த மழையா? எம் பொண்ணு ரேஷ்மா அப்போ கைக்கொழந்த. தரைல பாய் போட்டு தூங்கினோம். தண்ணி வாசப்படிய தொட்டுட்டு போயிடுச்சு. உள்ள ஒரு சொட்டு வர்ல. பதினஞ்சுலதான் மொத மொதல்ல வந்துச்சு. அன்னிலர்ந்து பேஜாருதான்" என்றார்.

எட்டில் வராத தண்ணீர் பதினைந்தில் வந்திருக்கிறது. அபார்ட்மெண்ட் வந்தது அதற்கும் நான்கு வருடம் கழித்து. அப்படியானால் இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. மண்ணின் கணக்கை மாற்றினேன், ரோட்டின் உயரத்தைக் குறைத்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு சீனியர் ஹெப்சி அக்கா. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பழைய மழைக்கு மட்டும் ரோட்டுக்கு அடியில ஒரு குழாயத் திறந்து விட்டுப் பாரேன் ஜெரோம்" என்றார்.

திறந்து விட்டேன். எட்டாம் வருடத்துத் தண்ணீர் பேபி அக்காவின் வாசற்படியைத் தொட்டுவிட்டு ஓடையில் போய் விழுந்தது. பிறகு குழாயை மூடிவிட்டுப் பதினைந்தையும் இருபத்துமூன்றையும் ஓட்டினேன். தெருவில் 'த.சி.' போட்ட அத்தனை கோடும் வந்து உட்கார்ந்தன. அதுமட்டும் இல்லை. மூடிய குழாயில் தேங்குகிற தண்ணீர் இணைப்புகளின் வழியாகக் கசிந்து மண்ணுக்குள் இறங்குவதாகக் கணக்கில் சேர்த்ததும், தனசிங் சார் கிணற்று மட்டமும் பொருந்திவிட்டது. அந்தக் கிணறு ஏன் வற்றவில்லை என்பதற்கு அதுவரை எங்களிடம் பதில் இல்லாமல் இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்க்காத ஒரு குழாயைக் கணக்கால் கண்டுபிடித்திருக்கிறோம். அப்போதே சாருக்குப் போன் போட்டு, ஒரு குழாய் இருந்திருக்கிறது, இடையில் யாரோ அடைத்திருக்கிறார்கள், நேரில் வாருங்கள் காட்டுகிறேன் என்றேன். கட் ஆகிவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து யூனிஃபாரத்தோடு வந்தார். திரையில் நீலநிறம் தெருவில் இறங்குவதையும், குழாயைத் திறந்தால் வடிவதையும், மூடினால் பேபி அக்கா வீட்டில் ஏறுவதையும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது ஒரு யூகந்தானே தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. படித்த படிப்பை யாராவது யூகம் என்றால் எனக்குப் பொறுக்காது. கோடுகளைக் காட்டி விளக்கினேன். இத்தனையும் ஒரே நேரத்தில் தற்செயலாகப் பொருந்தாது என்றேன். "உங்க கிணறே சாட்சி சொல்லுது சார்" என்று சிரித்தேன்.

அவர் தண்ணீர் கேட்டார். பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "எந்த இடம்னு கம்ப்யூட்டர் காட்டுமா?" என்றார்.

அது காட்டாது என்ற உண்மையைச் சொன்னேன். ரோட்டின் அந்த நீளத்தில் ஏதோ ஓர் இடம் என்றுதான் சொல்ல முடியும். அடைப்பு இந்தப் பக்கத்து வாயிலா அந்தப் பக்கத்து வாயிலா என்பதும் தெரியாது. தோண்டினால்தான் தெரியும்.

"அப்ப எங்கன்னு சொல்ல வேணாம். ஒரு குழாய் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. தெரியாததச் சொல்லக் கூடாதில்ல?" என்றார். சரிதானே என்று தலையாட்டினேன். அவர் எழுந்து போன பிறகு பார்த்தால் டேப் மேஜைமேல் இருந்தது.

ஹெப்சி அக்கா அவர் இறங்கிப் போன படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் பிடிக்கவில்லை போலிருக்கிறது அக்கா என்றேன். "பிடிக்கலேன்னா அந்த மனுஷன் சண்டை போட்டிருப்பார். சண்டையே போடலியே" என்றார்.

அடுத்த நாள் டேப்பைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். ஞானசௌந்தரி அம்மா கதவைத் திறந்து, அவர் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை, கேட்டால் வயிறு சரியில்லை என்கிறார் என்று என்னிடமே முறையிட்டார். போர்ட்டிகோவில் கார் நின்றது. செருப்பைக் கழற்றும்போது சும்மா திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீடுகளின் காம்பவுண்டு சுவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து முடிகின்றன. இவர் வீட்டுப் பக்கவாட்டுச் சுவர் மட்டும் மூன்றடி வெளியே தள்ளி நிற்கிறது. இரண்டு மனைக்கும் நடுவே ஓடை வரைக்கும் போக வேண்டிய ஒரு சந்து, அவர் சுவருக்குள் அடங்கி, காரின் சக்கரத்துக்குக் கீழே சிமெண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்து சார் வந்தார். நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். டேப்பை வாங்கிக்கொண்டார். காபி சாப்பிட்டுப் போ என்று அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தும் நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு, சண்டே ஸ்கூல் ஹாலைக் கேட்டு வாங்கிக் கூட்டம் போட்டார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அபார்ட்மெண்டிலிருந்தும் இரண்டு பேர். நான் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினேன். அபார்ட்மெண்டால் வருவது நான்கு விரல்தான் என்றதும் அந்த இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குழாய் விஷயத்தையும், அதில் கசிகிற தண்ணீர்தான் சாரின் கிணற்றை வற்றாமல் வைத்தது என்பதையும் சொன்னேன். எந்த இடம் என்று கணக்கால் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்தது எதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அது அவர் வாயிலிருந்து வர வேண்டியது, வராமலும் போகலாம் என்றிருந்தேன்.

ஆனால் கூட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. குழாயை அடைத்தவன் யார்?

அபார்ட்மெண்ட்காரர்களில் ஒருவர் எழுந்தார். கீழ்க்கோடியில் ஆட்டோ ஏற்றுவதற்காகக் கல்லும் கட்டட ரப்பீஸும் கொட்டி மேடு கட்டியிருக்கிறார்களே, குழாயின் வாய் அதற்கடியில்தான் இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் சவுரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேடு கட்டியது மெய். வெள்ளம் வர ஆரம்பித்த பிறகு, ஆட்டோவைக் காப்பாற்றக் கட்டியது. அதை அவர் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வந்தது தண்ணீர் வந்தது என்று வருஷா வருஷம் உதவி வேறு வாங்கிக்கொள்கிறான் என்றது. யாரோ சிரித்தார்கள்.

சவுரிமுத்துவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. பேபி அக்காதான் எழுந்தார். எழுந்து, எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் மினிட் நோட்டோடு உட்கார்ந்திருந்த செயலாளரைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க சார். எங்க ஊட்டுக்காரரு அப்டி செய்றவரான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்கோ."

தனசிங் சார் நோட்டை மூடிப் பெஞ்சில் வைத்தார். எழுந்து, முதலில் யாருக்கும் கேட்காத மாதிரி ஏதோ சொன்னார். கேட்கவில்லை சார் என்றார்கள்.

"முத்து இல்ல. நான்தான்."

சொன்ன பிறகு நிறுத்தத் தெரியாதவர் மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். புரமோஷன் வந்த வருடம் கார் வாங்கியது. போர்ட்டிகோவில் கார் நுழைய மூன்றடி போதாமல் இருந்தது. சந்து யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. ரோட்டுக்கு அடியிலிருந்து வருகிற ஒரு பழைய குழாய் அந்தச் சந்தில் வாயைத் திறந்து, நாற்றமும் பெருச்சாளியுமாக இருந்தது. செத்த குழாய் சார், தண்ணியே வர்றதில்லை என்று மேஸ்திரி சொன்னார். நல்ல வெயில் காலம். வாயில் கான்கிரீட் போட்டு மூடிவிட்டுச் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். பதினைந்தில் தெருவில் தண்ணீர் நின்றபோது மாடியிலிருந்து பார்த்தவருக்கு முதலில் தோன்றியதே அந்தக் குழாய்தான்.

"தோணினத அப்படியே மூடி வெச்சேன். அப்புறம் அந்த அபார்ட்மெண்ட் வந்துச்சு. அவன்தான் காரணம்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாயிடுச்சு. அதனாலதான் பழைய மழையும் போட்டுப் பாருன்னு இந்தத் தம்பிகிட்ட நானே சொன்னேன். மறந்துட்டேன்னு நெனச்சிருந்தேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஞானசௌந்தரி அம்மா பெண்கள் பக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். வறட்சியில் குடம் நிரப்பிக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கிணறு ஏன் வற்றவில்லை என்பதை நான் படம் போட்டுக் காட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பேபி அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"அன்னிக்கு என் மெஷின தலைல தூக்கினு போனீங்களே சார். தெரிஞ்சேவா?"

அவர் ஓரளவு என்றோ, நிச்சயமாகத் தெரியாது என்றோ சொல்லியிருக்கலாம், அதுவும் பொய் ஆகியிருக்காது.

"லைன்ல எனக்கு பாஸ், ஃபெயில் ரெண்டுதான் பேபிம்மா. தெரிஞ்சுதான்."

பேபி அக்கா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கூட்டம் தீர்மானம் எதுவும் போடாமல் கலைந்தது. சார் மட்டும் மினிட் நோட்டை என்ன செய்வது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கிக்கொள்ள ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

அந்த வாரமே போர்ட்டிகோவை இடித்தார்கள். கூலி ஆட்களோடு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரை பிடித்தாராம். சுவர் பழைய இடத்துக்குப் போனது. கான்கிரீட்டை உடைத்ததும் கறுப்பாக ஒரு வீச்சத்தோடு பல வருடத்துத் தண்ணீர் வந்து விழுந்தது. மாநகராட்சி ஆட்கள் வந்து குழாயைக் குத்திச் சுத்தம் செய்தார்கள். இனி உங்கள் கிணறு கோடையில் இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, கணக்கு அப்படித்தான் சொன்னது. "இறங்கட்டும்" என்றார். காரை விற்றுவிட்டார். செயலாளர் பதவியிலும் இல்லை. காலையில் ஷிப்ட் பஸ்ஸுக்குத் தெரு வழியாகப் போகாமல், ஓடைக்கரையைச் சுற்றிக்கொண்டு போவதாக ஹெப்சி அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் வந்த புயலுக்குப் பிறகு நான் மறுபடி அளக்கப் போனேன். திருத்திய கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று தனசிங் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். வருவார் என்று நினைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கழுத்து எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தார். மற்ற வீடுகளில் வாசலோடு அளந்துவிட்டு வந்தோம். முன்பு உட்காருங்க சார் என்று நாற்காலி எடுத்துப் போட்டவர்கள் இப்போது என்னிடம் மட்டும் பேசினார்கள். அவர் அளவைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். சுவரில் அம்புக்குறியும் போடவில்லை, எழுத்தும் போடவில்லை.

பேபி அக்கா வீட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று டேப்பை என்னிடம் நீட்டினார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"கூட வந்தவரு இன்னாத்துக்கு வெளில நிக்கிறாரு? வந்து பாக்கச் சொல்லு. இந்த வருஷம் அளக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரை காய்ந்திருந்தது. தைத்த துணிகள் தரையிலேயே மூட்டை மூட்டையாக இருந்தன. கிறிஸ்துமஸுக்காகச் சுவருக்குப் புதிதாக இளம்பச்சை அடித்திருந்தார்கள். மெஷினுக்குப் பின்னால் மட்டும் ஒரு கை அகலத்துக்கு அடிக்காமல் விட்டிருந்தார்கள். பழைய அழுக்குச் சுவர், அதன் குறுக்கே முந்தைய புயலின் பழுப்புக் கோடு, பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி, அளவு, 'த.சி.'.

அவர் அதைப் பார்த்ததைப் பேபி அக்கா பார்த்தார்.

"பெயிண்ட்காரன் அதையும் அடிச்சிரட்டுமான்னு கேட்டான். கெடக்கட்டும்னு சொன்னேன்."

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், அங்கே டேப் இல்லாததைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தது. நான் என் தாளில் பேபி அக்கா வீட்டுக்கு நேராகப் பூஜ்யம் என்று எழுதினேன்.

பேபி அக்கா உள்ளே போய் டீ கொண்டுவந்தார். எனக்குக் கையில் கொடுத்தார். இன்னொரு டம்ளரை, யாருக்கு என்று சொல்லாமல், மெஷின் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். பலகையோடு சேர்ந்து டம்ளரும் அதிர்ந்தது. தளும்பிக் கொட்டிவிடுமோ என்று இருந்தபோது தனசிங் சார் அதை எடுத்தார். அந்தக் கோட்டுக்கு எதிரே நின்று, சுவரைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்.